ழகரம் வராத வீடு

வாழைப்பழப் படத்தைக் காட்டி, 'இது என்ன?' என்று கேட்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். 'வாளப்பளம்' என்கிறது மதுரைப் பக்கத்துக் குழந்தை. உடனே 'உச்சரிப்புக் குறை' என்று எழுதிவிடலாமா? தாய், தாத்தா, ஏன், அந்தத் தெருவே அப்படித்தானே பேசுகிறது! கூட வந்த அம்மாவை நாலு வார்த்தை பேசவிட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். ஆங்கிலத்தின் வட்டார வழக்கு எதுவும் கோளாறு ஆகாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 1983-லேயே அறிவித்தது. நம்மிடமோ ழகரத்தை வைத்து மனிதரை எடைபோடும் பழக்கம் இன்னும் போகவில்லை; எனக்கு அது வலிக்கிறது. அதே குழந்தை ஐந்து வயதிலும் 'கதவு' என்பதைத் 'ததவு' என்று சொன்னால், அங்கேதான் உதவி தேவை. வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை.