லாசெட்டரின் தங்கம்: உண்மையாக நம்பினால் மட்டும் போதுமா?

1929 அக்டோபரில் ஆல்பர்ட் கிரீன் என்ற ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போனது. அவருடைய தொகுதி கல்கூர்லி, மேற்கு ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற தங்க வயல். கடிதம் எழுதியவர் ஹரால்ட் பெல் லாசெட்டர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு தச்சர். நாட்டின் நடுவே, பாலைவனத்துக்குள், மிகப் பெரிய தங்கப் பாறை ஒன்றை 18 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டதாக அவர் எழுதியிருந்தார். அரசு கைகொடுக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, சிட்னியில் தொழிற்சங்கத் தலைவர் ஜான் பெய்லியிடம் போய் அதே கதையைச் சொன்னார். இந்த முறை பாறையைக் கண்ட ஆண்டு 1897 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 17. வழி தவறிச் சாகக் கிடந்த அவரை ஓர் ஆப்கானிய ஒட்டகக்காரர் காப்பாற்றினாராம். பிறகு ஹார்டிங் என்ற நில அளவையாளரோடு திரும்பிப் போய் இடத்தைக் குறித்தாராம். ஆனால் இருவருடைய கடிகாரங்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தி ஓடியதால், குறித்த கணக்கு தப்பாகிப் போனதாம்.

இந்தக் கடிகார விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடையாளமில்லாத வெளியில் தீர்க்கரேகையைக் கணக்கிட நேரம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே கடிகாரம் ஒரு மணி நேரம் பிசகினால் கணக்கும் 15 பாகை பிசகும். மத்திய ஆஸ்திரேலியாவில் அது ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். கடிகாரம் தவறு என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு வரியிலேயே, பாறை எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் கதை உயிரோடு இருந்தது. எங்கும் இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாத பாறை அது.

அவரை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அதே பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் 1892இல் கூல்கார்டியிலும் 1893இல் கல்கூர்லியிலும் உண்மையாகவே தங்கம் கிடைத்திருந்தது. தண்ணீரே இல்லாத அந்த ஊர்களுக்கு, சி. ஒய். ஓ'கானர் என்ற பொறியாளரின் திட்டப்படி 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான குழாய் போட்டு 1903இல் தண்ணீர் கொண்டுபோனார்கள். பாலையில் தங்கம் உண்டு, அங்கே மனிதன் வாழவும் வழி உண்டு என்று அந்தத் தலைமுறை கண்ணால் கண்டிருந்தது. 1930இல் பொருளாதாரம் சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, லாசெட்டர் சொன்னதைக் கேட்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

பெய்லி முன்னின்று ஒரு நிறுவனம் தொடங்கிப் பங்குகள் விற்றார். பாலைவன அனுபவம் மிக்க ஃபிரெட் பிளேக்லி தலைமையில் 1930 ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து குழு கிளம்பியது. லாரியும் இருந்தது, 'கோல்டன் குவெஸ்ட்' என்று பெயரிட்ட சிறு விமானமும் இருந்தது. அந்த விமானம் வழியிலேயே விழுந்து நொறுங்கியது. லாரி மணலிலும் முட்புதரிலும் திணறியது. வெகுதூரம் மேற்கே போய் ஒரு மலை மேல் ஏறி நின்ற பிறகு லாசெட்டர் சொன்னார்: நாம் 150 மைல் வடக்கே தள்ளி வந்துவிட்டோம். பிளேக்லியின் பொறுமை முடிந்தது. இந்த ஆள் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டித் தேடலை நிறுத்தினார்.

லாசெட்டர் நிறுத்தவில்லை. அங்கே தற்செயலாக வந்து சேர்ந்த பால் ஜான்ஸ் என்ற டிங்கோ (காட்டு நாய்) வேட்டைக்காரரோடும் அவருடைய ஒட்டகங்களோடும் தெற்கே நடந்தார். ஒருநாள் தனியே போய்த் திரும்பி வந்து, பாறையைக் கண்டுவிட்டேன் என்றார். எங்கே என்று ஜான்ஸ் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. பொய்யன் என்று ஜான்ஸ் சொல்ல, இருவரும் கைகலந்தார்கள். ஜான்ஸ் திரும்பிவிட்டார். இரண்டு ஒட்டகங்களோடு லாசெட்டர் தனியாகப் போனார். பின்னர் அந்த ஒட்டகங்களும் மிரண்டு ஓடிவிட்டன.

பீட்டர்மன் மலைகளில், வறண்டு கிடந்த ஹல் ஆற்றின் ஓரத்துக் குகை ஒன்றில் அவர் சில வாரங்கள் ஒண்டியிருந்தார். கண்நோய் பார்வையை மறைத்தது. உணவு இல்லை. அந்தப் பகுதியின் பிட்ஜன்ஜட்ஜாரா மக்களில் சிலர் அவருக்கு உணவு கொடுத்தார்கள், சிலர் வெறுத்து விலகினார்கள். 1931 ஜனவரி இறுதியில் ஒரு குடும்பத்தின் துணையோடு, இரண்டு லிட்டருக்கும் குறைவான தண்ணீரை வைத்துக்கொண்டு, 140 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காட்டா ஜூட்டா பாறைகளை நோக்கி நடக்கத் தொடங்கினார். சுமார் 55 கிலோமீட்டர் போனதும் உயிர் போயிற்று. மார்ச்சில் பாப் பக் என்பவர் உடலைக் கண்டுபிடித்து அடக்கம் செய்தார். நாட்குறிப்பும் கிடைத்தது. அதன் பக்கங்கள் பல, மனைவிக்கு எழுதியவை. கோடி பெறும் பாறையைக் காட்டிலும் ஒரு ரொட்டி இப்போது பெரிது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். பொருள் தேடிப் பிரிவதைப் பாலைக்கே உரிய ஒழுக்கமாக வகுத்த தமிழ் மரபுக்கு, பிரிந்தவனின் இந்தக் குரல் அந்நியமானதல்ல.

அவர் பொய் சொன்னாரா, நம்பினாரா? ஆஸ்திரேலியாவில் இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பொய்யனாக இருந்தால் பிளேக்லி திரும்பியபோதே அவரும் திரும்பியிருப்பார். பங்குதாரர்களிடம் சொல்லச் சாக்கு தயாராக இருந்தது, லாரியில் இடமும் இருந்தது. தனியாளாக இரண்டு ஒட்டகங்களோடு அந்த வெளிக்குள் இறங்குவது ஏமாற்றுக்காரன் செய்கிற காரியம் அல்ல. ஒரு கட்டத்திலாவது அவர் தன் கதையை முழுமனதோடு நம்பியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒருவர் உளமார நம்பினார் என்பது அவரை நியாயப்படுத்திவிடுமா?

மதங்கள் நம்பிக்கையைப் போற்றுகின்றன. கண்ணால் காணாததை நம்புவது பக்தியின் உயிர்நாடி என்று சொல்லியே நாம் வளர்க்கப்படுகிறோம். இதற்கு எதிராக ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டும் என்று அவருக்கே சந்தேகம் இருக்கிறது. இத்தனை முறை போய்வந்த கப்பல் இந்த முறையும் கரை சேரும், குடும்பம் குடும்பமாகப் பிழைப்புத் தேடிப் போகிறவர்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்று தன் மனதைத் தேற்றிக்கொள்கிறார். கப்பலை உளமார நம்பியே அனுப்புகிறார். அது நடுக்கடலில் மூழ்குகிறது. அந்தச் சாவுகளுக்கு அவரே பொறுப்பு என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்று மேலும் ஒரு படி போகிறார். காரணம், அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை. சந்தேகத்தை விசாரித்துத் தீர்க்காமல் அமுக்கிக்கொண்டு பெற்ற நம்பிக்கை அது.

லாசெட்டரை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. அவருடைய பாறைக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்ல. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பு போயிற்று. விமானம் விழுந்ததில் விமானி காயம்பட்டார். பிறகு லாசெட்டரைத் தேடி இன்னொரு விமானத்தில் போன இருவரும் பாலைவனத்தில் காணாமல் போனார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க விமானப்படை அதிகாரி சார்ல்ஸ் ஈட்டன் தலைமையில் ஒரு குழு இறங்கவேண்டி வந்தது. அந்த இருவர் பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். ஒரு மனிதரின் உள்ளத்துக்குள் இருந்த நம்பிக்கை எத்தனை பேரைத் தண்ணீரில்லா வெளிக்கு இழுத்து வந்துவிட்டது!

கிளிஃபர்டுக்குப் பதில் சொன்னவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். ஆதாரம் முழுமையாகக் கிடைக்கும்வரை காத்திருந்தால் சில உண்மைகள் நமக்கு ஒருநாளும் வாய்க்காது என்று 1896இல் அவர் வாதிட்டார். எதிரில் இருப்பவர் நட்பானவர் என்று முதலில் நம்பினால்தான் நட்பு பிறக்கிறது. மலையில் சிக்கியவன் தாண்ட முடியும் என்று நம்பினால்தான் பள்ளத்தைத் தாண்டுகிறான். நம்பிக்கையே அங்கே உண்மையை உண்டாக்குகிறது. கடவுள் நம்பிக்கைக்கும் இந்தச் சலுகை உண்டு என்பது ஜேம்ஸின் கட்சி. வலுவான வாதம், எளிதில் ஒதுக்கிவிடக் கூடாதது. ஆனால் தங்கம் நட்பைப் போன்றதல்ல. எத்தனை உறுதியாக நம்பினாலும் பாறைக்குள் ஒரு குன்றிமணி தங்கமும் புதிதாக ஊறாது. பூமிக்குள் என்ன இருக்கிறது என்பது நம் மனதைக் கேட்டு முடிவாவதில்லை. ஜேம்ஸ் திறந்துவிட்ட கதவு வழியாக லாசெட்டர் உள்ளே வர முடியாது.

1950இல் தத்துவ அறிஞர் ஆண்டனி ஃப்ளூ இந்த விஷயத்தை இன்னும் கூர்மையாக்கினார். காட்டுக்குள் பூக்கள் மலர்ந்த ஒரு திறந்த இடத்தை இருவர் காண்கிறார்கள். இதைப் பராமரிக்க ஒரு தோட்டக்காரர் இருக்கிறார் என்கிறார் ஒருவர். காவல் இருந்து பார்க்கிறார்கள், வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களை விடுகிறார்கள். யாரும் அகப்படவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியாதவர், தொட முடியாதவர், மணமில்லாதவர் என்று நம்புகிறவர் சொல்லிக்கொண்டே போகிறார். அப்படியானால் இல்லாத தோட்டக்காரருக்கும் உங்கள் தோட்டக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று மற்றவர் கேட்கிறார். கடிகாரம் பிசகியது, வடக்கே தள்ளி வந்துவிட்டோம், கண்டேன் ஆனால் சொல்ல மாட்டேன் என்று லாசெட்டர் அடுக்கிய விளக்கங்களும் இதே வழியில்தான் போகின்றன. என்ன நடந்தால் இதைக் கைவிடுவாய் என்று கேட்டால், அவரிடம் பதில் இருந்திருக்காது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். அதே பாலைவனத்தில் அவருக்குச் சோறு போட்ட மக்களும் நிரூபிக்க முடியாதவற்றைத்தானே நம்புகிறார்கள்? பிட்ஜன்ஜட்ஜாரா மக்கள் தங்கள் அறத்தையும் படைப்பு வரலாற்றையும் சேர்த்து 'ஜுகுர்பா' என்கிறார்கள். முன்னோர்கள் இந்த நிலத்தின் மீது நடந்து சென்று மலையையும் ஊற்றையும் உண்டாக்கினார்கள் என்பது அதன் சாரம். இதற்கும் லாசெட்டரின் பாறைக்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு பெரிது. முன்னோர் நடந்த வழிகளைப் பாட்டாகப் பாடுகிறார்கள். எந்த மலைக்குப் பிறகு எந்த ஊற்று, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அந்தப் பாட்டு வழிகளோடு பின்னிக் கிடக்கிறது. பாட்டு தப்பினால் வழியும் தப்பும். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையின்மீது நடந்து, உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். எந்த இடத்துக்கு யார் போகலாம், யார் போகக் கூடாது, எதைத் தொடக் கூடாது என்று அது தன்னைக் கொண்டாடுகிறவர்கள் மீதே கட்டுப்பாடுகளை வைக்கிறது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடுவதில்லை, அங்கேயும் மறைபொருள் உண்டு. ஆனால் கூட வருகிறவனின் உயிர் காக்கும் செய்தியை அது மறைப்பதில்லை. லாசெட்டர் ஜான்ஸிடம் மறைத்தது அதைத்தான். இருவர் உயிரும் ஒரே தண்ணீர்ப் பையில் இருந்தபோது, எங்கே போகிறோம் என்பதை மட்டும் தனக்குள் வைத்துக்கொண்டார்.

எனவே, நிரூபிக்க முடியாததை நம்புவது தவறா என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. அந்த நம்பிக்கை யாரிடம் என்ன கேட்கிறது, அதைத் தாங்குகிறவர்கள் கேள்வி கேட்க இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆசிரமத்துக்குச் சொத்தை எழுதி வைக்கச் சொல்கிற நம்பிக்கைக்கும், மருந்தை நிறுத்தச் சொல்கிற நம்பிக்கைக்கும் இதே அளவுகோல்தான். கடவுளை நம்புகிறவர்கள் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிறர் உயிரைப் பணயம் வைக்காத பக்தி இந்தச் சோதனையில் தலை நிமிர்ந்து நிற்கும்.

லாசெட்டர் இறந்த 1931ஆம் ஆண்டிலேயே அயன் இட்ரியஸ் எழுதிய 'லாசெட்டரின் கடைசிப் பயணம்' வெளிவந்து, அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கியது. அவருடைய மகன் பாப் லாசெட்டர் முதுமை வரை பலமுறை அந்தப் பாலைவனத்துக்குப் போய்த் தேடினார். பாறை கிடைக்கவில்லை. லாசெட்டரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து 1958இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அவர் ஒண்டியிருந்த குகையருகே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவர் பாறையைக் கண்டு எல்லை குறித்துவிட்டுத் திரும்பினார் என்று அது உறுதியாகச் சொல்கிறது. கடைசி நடையில் துணைக்குப் போனவர்கள் அதில் நட்பான ஒரு பழங்குடிக் குடும்பம், அவ்வளவுதான். பாறை இருந்ததற்கு ஒரு சான்றும் இல்லை. அந்தக் குடும்பம் உண்மையில் இருந்தது. அந்தப் பலகையில் முதல் வரியில் வர வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பீட்டர்மன் மலைகள் இன்று 1976ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின்கீழ் பழங்குடி மக்களின் நிலம். அங்கிருந்து கிழக்கே உள்ள உலுரு பாறையும் 1985இல் அதன் மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. அதன்மேல் ஏறுவது 2019 அக்டோபரில் முற்றாக நிறுத்தப்பட்டது. லாசெட்டரின் குகை வழியாகப் போகும் சாலையில் பயணம் செய்யவே முன் அனுமதி வாங்க வேண்டும். சுரங்கம் தோண்ட வேண்டுமானால் அந்த மண்ணுக்கு உரியவர்களின் சம்மதம் வேண்டும். தங்கம் தேடியோ, வெறுமனே பார்க்கவோ அங்கே போக விரும்புகிறவர்கள் முதலில் அவர்களைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே என்பது அவர்களுக்குத் தெரியும்.