சின்னச் சட்டை



பண்டிகை வந்தால் பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் குடும்பங்கள் துணி எடுக்க தர்மபுரி டவுனுக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே மூணு வயசுப் பெண்பிள்ளைக்கு இடுப்பு தெரிகிற ரெடிமேடு சேலை, ஹீல்ஸ் செருப்பு, லிப்ஸ்டிக். ரெண்டு வயசுப் பையனுக்கு கோட்டு, டை, கூலிங்கிளாஸ். "குட்டி ஹீரோயின் மாதிரி இருக்கா!" என்று எல்லாரும் ரசிக்கிறார்கள். "சின்னப் பிள்ளைதானே, இதுல என்ன தப்பு?" என்று கேட்கிற விசுவாசிகளும் உண்டு. நியாயமான கேள்விதான். சற்று சிந்திப்போம்.

பிள்ளைக்கு நல்ல துணி எடுப்பது பாவமல்ல. நம்முடைய மாவட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பெண் பிறந்தால் கொன்றுபோட்ட வீடுகள் இங்கே இருந்தன. அதைத் தடுக்க அரசாங்கம் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்து, 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இன்று ஒரு தகப்பன் பெங்களூரில் கட்டட வேலை பார்த்த காசில் மகளுக்கு ஆசையாய் கவுன் வாங்கி வருகிறான் என்றால், அது கர்த்தருடைய கிருபை. "நாங்கதான் கிழிசல் போட்டு வளர்ந்தோம், எம்புள்ளையாவது நல்லா உடுத்தட்டும்" என்கிற தாயின் மனசை யார் குறை சொல்ல முடியும்?

ஆனாலும் ஒன்று கேட்கவேண்டும். அந்த உடுப்பு பிள்ளைக்காகவா, பார்க்கிறவர்களுக்காகவா?

நம்ம ஊர்ப் பாவாடை சட்டை பிள்ளைக்கென்றே தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், மண்ணில் உட்காரலாம். பெரியவர்களுடைய பேஷனோ பார்க்கிறவர் கண்ணை உடம்பின்மேல் இழுக்கவே வெட்டித் தைக்கப்பட்டது. பிள்ளைக்கு அந்த எண்ணமே இல்லை. நாம்தான் அதை அவள்மேல் போர்த்துகிறோம். நாலு பேர் பார்த்தால்தான் தனக்கு மதிப்பு என்று அஞ்சு வயசிலேயே அவள் கற்றுக்கொள்கிறாள். டிவி நடன நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை பெரியவர்களுடைய சினிமா அசைவுகளுக்கு ஆடவைப்பதைப் பார்த்து, மத்திய அரசே 2019 ஜூனில் சேனல்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அரசாங்கத்துக்கே உறுத்தியது நமக்கு உறுத்தவேண்டாமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஒரு கெடுதல் நடந்தால் உடனே உடுப்பைக் குற்றம் சொல்லுகிறவர்கள் உண்டு. அது அநியாயம். 18 வயதுக்குட்பட்ட யாரும் குழந்தையே என்கிறது 2012-ம் வருஷத்து போக்சோ சட்டம். எதை உடுத்தியிருந்தாலும் குழந்தை குழந்தைதான். குற்றம் செய்தவன்மேல்தான் பழி.

அப்படியானால் உடுப்பில் நமக்கு என்ன கவலை? நம்முடைய அவசரம்தான் கவலை. பெண்ணின் கல்யாண வயதை 1929-ம் வருஷத்துச் சட்டம் 14 என்றது; 1978-ல் அது 18 ஆனது. இன்றைக்கும் நம் மாவட்டத்தில் இளவயதுக் கல்யாணங்களை அதிகாரிகள் வந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. "பெரிய மனுஷி மாதிரி இருக்கா" என்று மூணு வயசில் மெச்சுவதும், "வளர்ந்துட்டா, அனுப்பிடலாம்" என்று பதினஞ்சில் சொல்லுவதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் பிள்ளைப்பருவத்துக்குப் பொறுமை காட்டாத மனசு இருக்கிறது.

வேதத்தில் அன்னாளைப் பாருங்கள். சாமுவேலுக்கு வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். மகன் அந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தானோ அவ்வளவுக்குத்தானே அது? சவுலின் கவசத்தைப் போட்டுப் பார்த்த தாவீதும், தனக்குப் பழக்கமில்லையென்று கழற்றிவைத்தான். பெரியவர்களுடையது பெரியவர்களுக்கே.

ஆகையால் தாய்மாரே, தகப்பன்மாரே, துணி எடுக்கும்போது இதைப் பாருங்கள். இதைப் போட்டுக்கொண்டு பிள்ளை ஓட முடியுமா? வெயிலில் புழுங்காதா? வளருகிற கால் அந்தச் செருப்பில் நோகாதா? போட்டோ எடுத்து முடித்த பிறகும் பிள்ளை அதை விரும்புமா? ஆம் என்றால் சந்தோஷமாய் வாங்குங்கள். பெரியவளாக அவளுக்கு வருஷங்கள் பல உண்டு. பிள்ளையாய் இருக்கவோ கொஞ்ச வருஷமே.

கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.