படைக்குருவின் ஊதியம்

சமயப் பணிக்குப் படையின் துணை தகுமா என்னும் வினாவை ஸ்பானிய அமெரிக்காவின் எல்லைப்புற வரலாறு கூர்மையாக எழுப்புகிறது. 1718இல் டெக்சாஸின் சான் அந்தோனியோவில் மிஷனும், ‘பிரெசிடியோ’ எனப்பட்ட காவற்படைக் கோட்டையும் அருகருகே எழுந்தன. இத்தகைய மிஷன்களில் திருமுழுக்குப் பெற்ற பழங்குடியினர் வெளியேறினால், அவர்களைத் தேடிப் பிடித்துவருவதும் சிப்பாய்களின் வேலையாயிற்று.

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் தெப்பக்குளத்தருகே 1766இல் எழுந்த கிறிஸ்து நாதர் ஆலயம் இதற்கு நெருங்கிய, ஆயினும் வேறுபட்ட எடுத்துக்காட்டாகும். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் குருவான சுவார்ட்ஸ் ஐயர், ஆங்கிலப் படையினரின் நன்கொடையும் பெற்றுக் கட்டிய அவ்வாலயத்தைத் தளமாகக் கொண்டு, தமிழ்ச் சபையாருக்கும் வெள்ளைச் சிப்பாய்களுக்கும் ஊழியம் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் படைக்குருவாக, அதாவது காவற்படையின் வழிபாடு, அடக்கம் முதலியவற்றை நடத்தும் போதகராக அமர்த்தி, ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் அளித்தது.

ஆள்வோரின் தொடர்பு அறத்தை மாசுபடுத்தும் என்று இந்நாட்டில் எளிதில் சொல்லிவிட இயலாது. திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் தோண்டுவித்த, நாற்புறமும் மடிந்திறங்கும் படிகளையுடைய கிணறு, அரசனது பட்டப்பெயரால் ‘மாற்பிடுகு பெருங்கிணறு’ என்றே வழங்கியது. அதில் நீர் மொண்டவரை அப்பெயர் எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. கொடையைவிடக் கட்டாயமே குற்றம் எனக் கொண்டால், வணிகமே கண்ணாக இருந்து மதமாற்றத்தில் அக்கறை காட்டாத கம்பெனியிடம் ஊதியம் பெற்றதற்காகச் சுவார்ட்ஸைப் பழிப்பது பொருந்தாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1779இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிந்துவருமாறு சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். சமாதானத் தூது என்று நம்பிச் சென்ற அவர், ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக் கம்பெனியிடமே ஒப்படைக்க முனைந்து, அது ஏற்கப்படாதபோது தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒதுக்கினார். பணத்தில் இத்துணை நேர்மை காத்தவர், தம் துறவொழுக்கத்தின்மேல் பிறர் வைத்த நம்பிக்கை எவருடைய அரசியலுக்கு முதலாகிறது என்பதை அதே கவனத்தோடு எடைபோடவில்லை என்றே கூறவேண்டும். படையிடமிருந்து மிஷன் பெற்றதற்குக் கணக்கு உண்டு. படைக்கு அது கொடுத்த நற்பெயருக்குக் கணக்கு இல்லை. தூது பலிக்கவில்லை, 1780இல் ஹைதரின் படை ஆர்க்காடு சார்ந்த கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது.