இருட்டறையின் அறம்

ஒருவர் கலைக்கு மற்றொருவர் கை துணை செய்யுமாயின், அத்துணையின் எல்லை யாது? கேட்டதையெல்லாம் செய்து தருவதுதான் துணையா? செய்யத் தகாததற்கு இணங்காமல் நிற்பதும் துணையில் அடங்குமா? இவ்வினாவை எனக்குக் கற்பித்தது ஏடன்று; சிங்கப்பூரில், கேலாங் வட்டாரத்து லோரோங் ஒன்றில், பழைய கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு புகைப்பட அச்சுக்கூடமே.

நான் ஜொகூரில் ஒரு தோட்டத்துக் கிராணி. என் நண்பரொருவர் படக்கலைஞர். லயங்கள் இடிபடுமுன், அவற்றில் வாழ்ந்தோர் முகங்களைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பதித்து வருபவர். சென்ற ஆண்டு அவர் நோயுற்றிருந்தமையால், முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மையாரின் நெகடிவை அச்சுக்கூடத்தில் சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சேர்த்ததோடு நான் நிற்கவில்லை. "கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள், முகத்தைச் சற்று வெளுப்பாக்கித் தாருங்கள்" என்று மலாய் மொழியில் சொன்னேன். அம்மையாரின் மதிப்பைக் காப்பதாகவே அப்பொழுது எண்ணினேன்.

அச்சுக்கூடத்துச் சீன முதியவர் மறுமொழி கூறாது என்னை இருட்டறைக்குள் அழைத்தார். சிவப்பு விளக்கின் கீழ் இரண்டு படங்கள் செய்து காட்டினார். முதலாவது, நான் கேட்டபடி. குறைந்த நேரமே ஒளி பட்ட தாளில் முகம் வெளுத்தது. ஆனால் நெற்றிச் சுருக்கம் மறைந்தது, கன்னத்துத் தழும்பு மறைந்தது, தலையில் கட்டிய வெள்ளைத் துணி தாளின் வெண்மையோடு கலந்துபோயிற்று. இரண்டாவதற்கு ஒளியை வேண்டிய நேரம் விட்டார். விடும்பொழுதே, சிறு அட்டைத் துண்டொன்றால் கண்குழிகளின்மேல் சில வினாடி ஒளியைத் தடுத்தார்; பின்னர்த் தலைத்துணிக்கு மட்டும் சற்று அதிகம் காட்டினார். மருந்து நீரில் படம் எழுந்தது. முகம் கறுப்பே, எனினும் அக்கறுப்பினுள்ளே கண்ணின் ஈரம் தெரிந்தது, துணியின் இழையும் தெரிந்தது.

"இது உங்கள் படமன்று, எடுத்தவர் சொல்லட்டும்" என்றார். எடுத்தவரைக் கேட்டேன். இரண்டாவதுதான் என்றார்.

அன்று ஒன்று விளங்கிற்று. நிழலில் மறைந்திருப்பதை வெளிக்கொணர்வது வேறு. உள்ள நிறத்தை அழிப்பது வேறு. முன்னது கலைஞனுக்குத் துணை. பின்னது உதவியின் உடை தரித்த பொய்.

"பணம் கொடுப்பவர் கேட்டதைச் செய்வதன்றோ தொழில்?" என்பாருளர். பெருங்கலைஞர் தம் படங்களைப் பிறர் கையில் ஒப்படைத்தது எதனால் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்து, இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படம் பிடித்தவர். அவர் தம் படங்களைத் தாமே அச்சிடும் வழக்கமுடையவரல்லர். அதே 1950இல் பாரிசில் பியேர் காஸ்மன் தொடங்கி, பிக்டோ என்று பெயர்பெற்ற அச்சுக்கூடம், அவருக்கும் அவர்தம் தோழர்களுக்கும் துணை நின்றது. தாம் கண்ட காட்சியின் ஓரத்தையும் எவரும் வெட்டலாகாது என்ற உறுதியுடையவர், இருட்டறையைப் பிறரிடம் விட்டார் எனின், அவர் அங்கே பெற்றது கைத்திறன் மட்டுமோ? நேர்மையுமன்றோ!

கூடத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலே கோணலாயிருந்த காலமும் உண்டு. வண்ணப்படம் அச்சிடுவோர் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அளித்த அட்டையில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் உருவம். ஷெர்லி அட்டை என்பது அதன் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே கணக்கு. கரிய முகங்களோ விவரமற்ற நிழலாய் நின்றன. கரும்பழுப்பு நிறங்களைப் பிலிம் பிரித்துக் காட்டவில்லையென்று சாக்லேட்டு விற்போரும் மரச்சாமான் விற்போரும் முறையிட்ட பின்னரே பிலிமைத் திருத்தும் முயற்சி வலுப்பெற்றதென, அந்நிறுவனத்தில் பணியாற்றியோரே ஆய்வாளரிடம் கூறியுள்ளனர். மனிதன் முகத்துக்கு முன் மேசைக்கு நீதி கிடைத்தது! பல நிறத்துப் பெண்களைக் கொண்ட அட்டை 1990களிலேதான் வந்தது.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? மணப்பெண்ணின் படத்தை வெளுப்பாக்கித் தரும்படி கேட்பவர் நம்மவரல்லரோ? இன்று இருட்டறையும் வேண்டியதில்லை. கணினியில் ஒரு விரல் அசைவு போதும். ஆதலின் அச்சிடுவோரின் பொறுப்பு குறையவில்லை, மிகுந்தது. திரையின் நிறத்தை அளந்து வைப்பதும், தாளைத் தேர்ந்து தருவதும், மாதிரி அச்சிட்டுக் கலைஞரோடு ஒப்பு நோக்குவதும் அப்பொறுப்பின் பகுதிகளே.

கண்காட்சியில் எடுத்தவர் பெயர் இருந்தது. அச்சிட்டவர் பெயர் இல்லை. அதைக் கண்டு என் நிறுவைப் புத்தகத்தை நினைத்தேன். அதிலும் என் பெயர் இல்லை. ஆயினும், ஓர் எண்ணை நான் மாற்றி எழுதினால் ஒரு குடும்பத்தின் கூலி குறையும். பெயரில்லாத கைக்கே நேர்மை அதிகம் வேண்டும்.

அம்மையாருக்கு ஒரு படி கொண்டுபோய்க் கொடுத்தேன், கோபிப்பாரோ என்ற அச்சத்தோடே. நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மா முகம் அப்படியே இருக்கு, ஐயா" என்றார். அவர் தாயாருக்குப் படமே இல்லையாம்.