எதிரி இல்லாத சிரிப்பு

விளம்பரப் பாட்டைப் பற்றி நம்மிடையே பேச்சு வந்தால் அது பெரும்பாலும் ரசனையைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. மட்டமான ரசனை, வர்த்தகம், கலையின் வீழ்ச்சி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இது போதுமானதாகப் படவில்லை. மட்டமான பாட்டை மறந்துவிடலாம். சாமர்த்தியமான, சிரிக்கவைக்கிற, மூன்றாம் தடவை கேட்பதற்குள் வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டுதான் பிரச்னை. என் அனுமதியைக் கேட்காமல் அது என் ஞாபகத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. நானும் அதை வெளியேற்ற முனைவதில்லை. அது என்னைச் சிரிக்கவைத்திருக்கிறதே. சிரித்தவன் சம்மதித்துவிட்டவன்தானா?

இந்தக் கேள்வியை ஜப்பானிய டெலிவிஷன் விளம்பரப் பாட்டுகளை வைத்து யோசிக்க இரண்டு காரணங்கள். மொழி தெரியாத எனக்கே அவற்றின் மெட்டுகள் நாள்கணக்கில் காதை விட்டுப் போகவில்லை. அர்த்தத்தின் துணையில்லாமலே பாட்டு உள்ளே நுழைந்துவிடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இன்னொரு காரணம், அங்கே இவ்வகைப் பாட்டை ஆரம்பித்துவைத்தவர் அதிகாரத்தைக் கேலி செய்து பெயர் வாங்கிய மனிதர்.

மிகி தோரிரோ என்பது அவர் பெயர் (1914–1994). யுத்தத்தில் தோற்றுக் கிடந்த ஜப்பானில், 1947-இல் என்எச்கே ரேடியோ தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக் கேளிக்கை நிகழ்ச்சியில் அவருடைய கேலிப் பாட்டுகள் வந்தன. நாடே கேட்டது. 1952-இல் நிகழ்ச்சியின் பெயர் மாறிற்று. 1954-இல், கப்பல் கட்டும் தொழிலை ஒட்டிய லஞ்ச ஊழல் அரசை உலுக்கிய வருஷத்தில், அரசியல்வாதிகளின் அதிருப்திக்கிடையே அது நின்றே போயிற்று.

இதற்கு நடுவில் வேறொன்று நடந்திருந்தது. 1951 செப்டம்பரில் ஜப்பானில் வர்த்தக ரேடியோ பிறந்தது. அதே மாதம், கோனிஷிரோக்கு என்ற புகைப்படச் சாமான் கம்பெனிக்காக மிகி எழுதி இசையமைத்த பாட்டு ஒலிபரப்பாயிற்று. ஜப்பானின் முதல் விளம்பரப் பாட்டு என்று இதைச் சொல்கிறார்கள். பாட்டில் கம்பெனியின் பெயரே கிடையாது. தன்னைப் பெரிய காமிராக்காரனாக நினைத்துக்கொண்ட ஒருவன் எடுத்த படமெல்லாம் மங்கிப்போகிற வேடிக்கைதான் விஷயம். பணம் கொடுத்த கம்பெனி தன் வாடிக்கையாளன் கேலி செய்யப்படுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1953 ஆகஸ்டில் வர்த்தக டெலிவிஷன் வந்தபோது இந்தப் பாட்டுமுறை அப்படியே அங்கே குடியேறியது.

ஒரே மனிதர், ஒரே மூளை, ஒரே ஹாஸ்யம். அதிகாரத்தால் அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வர்த்தகம் நாற்காலி போட்டு உட்காரவைத்தது. வர்த்தகத்தின் பரந்த மனசு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேலிப் பாட்டில் சிரிக்க முடியாத ஒரு ஆள் இருந்தான். விளம்பரப் பாட்டில் அப்படி யாரும் இல்லை. பணம் கொடுத்தவர்தான் முதலில் சிரிக்கிறார். எதிரி இல்லாத சிரிப்பு அது.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. மிகியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் நோசாகா அகியுகி. இதோ என்ற வெந்நீர் ஊற்று ஊரில் உள்ள ஹதோயா ஹோட்டலின் விளம்பரப் பாட்டு 1961-இல் அவர் எழுதியது. மெட்டு இசுமி தகுவுடையது. ஹோட்டலின் டெலிபோன் எண் 4126. ஜப்பானிய எண்களின் உச்சரிப்பை ஒட்டவைத்தால் அது 'நல்ல குளியல்' என்று ஒலிக்கும். எண்ணையே சிலேடையாக்கிய அந்தப் பாட்டைத் தலைமுறைகள் மறக்கவில்லை. இதே நோசாகாதான் 1967-இல் 'மின்மினிகளின் கல்லறை' எழுதினார். 1945-இல் ஊட்டச்சத்தில்லாமல் இறந்துபோன சின்னத் தங்கையின் நினைவு அதற்குள் இருக்கிறது. 1988-இல் வந்த படத்தின் மூலம் நம்மில் பலருக்கும் அது தெரியும்.

இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். ஹோட்டல் பாட்டை வயிற்றுப்பிழைப்பு என்றும் கதையைக் கலை என்றும் பிரித்துவைத்துவிட்டு நிம்மதியடைய என்னால் முடியவில்லை. பட்டினியைப் பார்த்தவனுக்கு வெந்நீரையும் வயிறு நிறைந்த சாப்பாட்டையும் பற்றி அபத்தமாகப் பாட உரிமை இருக்கிறது. சந்தோஷத்தைச் சந்தேகிப்பதே தர்மம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். கேட்பவனிடம் அந்தப் பாட்டு கேட்பது ஒரு விடுமுறை நாளை மட்டுமே. முடியாது என்று சொல்ல அவனுக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

அடுத்த உதாரணத்தில் நிலைமை வேறு. ரீகெய்ன் என்ற சத்துப் பானத்தின் பாட்டு 1989-இல் ஜப்பானைக் கலக்கிற்று. கோட்டு, டை, கைப்பெட்டியோடு உலகமெல்லாம் பறக்கும் ஒரு கம்பெனி உத்தியோகஸ்தன். பின்னால் போர்வீரனுக்குரிய மெட்டு. இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் சண்டையிடும் திராணி உண்டா என்பதுதான் பாட்டின் விசாரணை. இது கேலி என்பது யாருக்கும் தெரியும். வீர கீதத்தை ஆபீஸ் குமாஸ்தாவின் தலையில் கவிழ்த்த வேடிக்கை. இசைத்தட்டாக வந்து விற்றது, சாராயக்கடைகளில் பாடப்பட்டது. அந்த டிசம்பரில் டோக்கியோ பங்குச் சந்தை தன் உச்சத்தைத் தொட்டது. அடுத்த வருஷம் சரிந்தது.

முந்தைய வருஷம், 1988-இல், ஜப்பானிய வக்கீல்கள் ஒரு டெலிபோன் சேவையைத் தொடங்கியிருந்தார்கள். வேலை செய்தே செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கானது. அந்தச் சாவுக்கு அங்கே 'கரோஷி' என்று பெயரே உண்டு. 1991-இல் டென்ட்சு என்ற விளம்பர நிறுவனத்தின் இளம் ஊழியர் ஒருவர் வேலைப் பளுவில் மனம் சிதைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனத்தின் பொறுப்பை 2000-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பாட்டு யாரையும் கொல்லவில்லை. அப்படிச் சொல்வது மடத்தனம். பாடினவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள், அதில் அவர்களுக்கு ஒரு ஆசுவாசம் கிடைத்தது என்று வாதிக்கலாம். சரிதான். ஆனால் அந்த ஆசுவாசம் என்ன வேலை செய்தது என்றும் பார்க்க வேண்டும். ஒரு மேலதிகாரி நேரில் வந்து ராத்திரி முழுக்க உட்கார் என்றால் அதை மறுக்கலாம். மறுக்காவிட்டாலும் மனசுக்குள் திட்டலாம். அதே உத்தரவு வேடிக்கையாக வந்தால் மறுப்பதற்கு எதுவும் அகப்படுவதில்லை. மறுத்தால் ஹாஸ்ய உணர்ச்சி இல்லாதவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கிற இரவுகளில் எங்கள் கிளையில் யாராவது, "வீட்டு அட்ரஸ் மறந்துபோச்சு சார், சிஸ்டத்துல பார்த்துச் சொல்லுங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். மேனேஜர்தான் முதலில் சிரிப்பார். பிறகு அவரவர் நாற்காலியில் மறுபடி குனிந்துகொள்வோம். அந்தச் சிரிப்பு, பூர்த்தி செய்யாத படிவத்தில் போட்ட கையெழுத்து மாதிரி. மேலே என்ன எழுதிக்கொள்வது என்பது மற்றவர் இஷ்டம்.

2014 ஜூனில் கரோஷியைத் தடுப்பதற்கென்று ஜப்பானில் சட்டம் நிறைவேறிற்று. அதே வருஷம் ரீகெய்ன் புதுப் பானமாகத் திரும்பி வந்தது, பழைய மெட்டோடு. இப்போது பாட்டு, இருபத்து நான்கு மணி நேரம் என்பது கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரமாவது தாங்குமா என்று விசாரித்தது. மறுபடி சிரிப்பு. தன் மீதான கண்டனத்தையே எடுத்துத் தன் அடுத்த வேடிக்கையாக்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்துக்கு முன் விமர்சனம் என்ன செய்யும் என்று எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

இதை நான் நம் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கவிதைகளில் கேலிக்குக் குறைவில்லை. டிபன் பாக்ஸ், பஸ் நெரிசல், மேஜைமேல் கோப்பு, மாத முதல் தேதி என்று நம்மையே நாம் நக்கல் செய்துகொள்கிறோம், நண்பர்கள் ரசிக்கிறார்கள், காலையில் பஸ் பிடிக்கிறோம். 1954-இல் மிகியின் பாட்டு நிறுத்தப்பட்டது என்பதாலேயே அது உயர்ந்த கலை ஆகிவிடாது. ஆனாலும் அதைக் கேட்டுச் சிரிக்க முடியாமல் போன ஒருவன் எங்கோ இருந்தான். நம் அடுத்த கவிதையில் கேலி வருகிற இடத்தில் பேனாவை நிறுத்தி, அப்படி ஒருவன் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த வரிக்கு மெட்டுப் போட ஒருவர் ஏற்கெனவே கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்.