வெட்டப்பட்ட வாக்கியம்

முடிவை நெஞ்சில் முன்னரே நிறுத்திக்கொண்டு, அதற்கு இசைந்த காட்சிகளையும் சாட்சிகளையும் மட்டுமே தேடிக் கோத்து, அந்தக் கோவையை ஆவணப்படம் என்ற பெயரால் ஜனங்களின் முன் வைப்பவர் அதர்மம் செய்தவராவாரா என்ற கேள்விக்கு அவசரமாக விடை சொல்பவர்கள், பெரும்பாலும், அந்தப் படம் தங்கள் கட்சியைத் தாக்குகிறதா, மாற்றாரைத் தாக்குகிறதா என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். கேள்வியோ அதைவிடக் கௌரவமாக நடத்தப்பட வேண்டியது. அமெரிக்கப் பழமைவாத அரசியலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊன்றி நிற்கும் டேவிட் பாஸியின் பொதுவாழ்வை முன்னிறுத்தி அதை விசாரிப்பது பொருந்தும். ஏனெனில், புலனாய்வாளர், படத் தயாரிப்பாளர், தேர்தல் பிரசாரத் துணை மேலாளர் என்று அவர் பூண்ட வேஷங்கள் பலவானாலும், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் யாருக்கும் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அவருடைய வாழ்வில் உலகம் அறிந்த சம்பவம் 2010-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அறநோக்கில் கனம் மிகுந்ததோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது. இன்று அதை நினைவுகூர்பவர்கள் சிலரே. 1998-இல் பாஸி, பிரதிநிதிகள் சபையில் டான் பர்ட்டன் தலைமை வகித்த குழுவின் தலைமைப் புலனாய்வாளராக இருந்து, கிளின்டன் அரசாங்கத்தின் மீது எழுந்த புகார்களைத் துருவிக்கொண்டிருந்தார். நீதித் துறையில் உயர்பதவி வகித்தவரும், அதற்கு முன் ஆர்கன்ஸாவில் ஹில்லரி கிளின்டனோடு ஒரே சட்ட நிறுவனத்தில் பங்காளியாக இருந்தவருமான வெப்ஸ்டர் ஹப்பல், கட்சிக்காரர்களுக்குப் பொய்க் கணக்கு எழுதிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்த காலத்தில் தம் மனைவியோடும் பிறரோடும் தொலைபேசியில் பேசியவற்றைச் சிறை நிர்வாகம் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தது. அந்த நாடாக்களைப் பெற்ற குழு, சில பகுதிகளை எழுத்தில் வடித்து வெளியிட்டது. அச்சேறிய பகுதிகளைப் படித்தவர்களுக்கு, ஹில்லரியைக் காப்பாற்றுவதற்காக ஹப்பல் எதையோ விழுங்குகிறார் என்ற எண்ணமே உண்டாயிற்று. எதிர்க்கட்சியினர் நாடாக்களை எடுத்துவைத்து ஒப்பிட்டபோதுதான், அதே உரையாடலில் அவர் ஹில்லரிக்குச் சாதகமாகச் சொன்ன வார்த்தைகள், நிறுவனத்தில் நடந்த தில்லுமுல்லை ஹில்லரி அறிந்திருக்கவில்லை என்ற பொருள்பட மனைவியிடம் சொன்னது உள்பட, வெளியீட்டில் விடுபட்டிருந்தது தெரிய வந்தது. தவறு நேர்ந்துவிட்டது என்றது ஒரு தரப்பு. திட்டமிட்ட காரியம் என்றது மறு தரப்பு. சொந்தக் கட்சித் தலைவரான நியூட் கிங்ரிச்சே சினம் கொள்ள, அந்த மே மாதத்தில் பாஸி பதவி விலகினார்.

அச்சில் வந்த சொற்களில் பொய்யான சொல் என்று எடுத்துக் காட்டத்தக்கது எது? ஹப்பல் பேசியவையே அங்கே இருந்தன. பேசிய வேறு சில இல்லாமற்போயின, அவ்வளவுதான். குருக்ஷேத்திரத்தில் தருமன் சொன்னதும் முழுப் பொய்யன்று. அசுவத்தாமன் மடிந்தான் என்பதை உரக்கச் சொல்லி, மடிந்தது யானை என்பதைக் காதில் விழாதபடி முணுமுணுத்தவனுடைய தேர், அதுவரை மண்ணைத் தீண்டாமல் நான்கு விரற்கடை உயர்ந்து ஓடியது, அந்தக் கணத்தில் தரையில் இறங்கிற்று என்று பாரதம் கூறும்போது, அது தண்டிப்பது சொன்ன சொல்லை அன்று, அமுங்கிய சொல்லை. துரோணர் மறுமுறை கேட்டுத் தெளிய வழியில்லாதபடி அது அமுங்கியதுதான் குற்றத்தின் உள்ளீடு.

இதையும் கட்சிக்காக வாதாடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பலாகாது. பட்டிமண்டபத்தில் ஓரணிக்காகப் பேசுபவர் மாற்றணியின் நியாயங்களை எடுத்துரைக்கவில்லை என்பதற்காக யாரும் அவரைப் பொய்யர் என்பதில்லை. அவர் எந்த அணி என்பது அவையிலுள்ள சிறுவனுக்கும் தெரியும். 2008-இல் பாஸி தலைமையிலான சிட்டிசன்ஸ் யுனைடெட் ஸ்தாபனம் வெளியிட்ட ‘ஹில்லரி: தி மூவி’ என்ற தொண்ணூறு நிமிஷப் படம் இந்த வகையைச் சேர்ந்தது. ஜனாதிபதிப் பதவிக்கு முயன்றுகொண்டிருந்த ஹில்லரி அதற்குத் தகுதியற்றவர் என்பதைத் தவிர அந்தப் படத்துக்கு வேறு உத்தேசம் கிடையாது. உண்டு என்று பார்த்தவர் எவரும் மயங்கியிருக்கவும் மாட்டார். கசப்பான படம், கலை நயமும் சொற்பமே என்றாலும், தன் முகத்தை மூடிக்கொண்டு வந்த படம் அன்று.

படத்தைக் கேபிள் தொலைக்காட்சியில் பார்வையாளர் விரும்பியபோது இலவசமாகக் காணும்படி செய்ய 12 லட்சம் டாலர் கட்டணம் பேசப்பட்டது. ஆனால் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புக்கு முந்திய முப்பது நாட்களில், வேட்பாளரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒளிபரப்புக்கு நிறுவனங்கள் பணம் செலவிடுவதைத் தடுத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 2009 மார்ச்சில், இதே விதி ஒரு புத்தகத்துக்கும் பாயுமா என்று நீதிபதிகள் துளைத்தபோது, பாயலாம் என்ற பொருளில் அரசாங்க வழக்கறிஞர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வழக்கின் போக்கு அங்கேயே திரும்பிற்று என்பார்கள். செப்டம்பரில் மறுவிசாரணை நடந்தது. 2010 ஜனவரி 21-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு பாஸியின் பக்கம் விழுந்தது. பேசுவது நிறுவனம் என்பதற்காகப் பேச்சைத் தடுக்கலாகாது என்று நீதிபதி கென்னடி எழுதினார்; தொண்ணூறு பக்கத்துக்கு மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், பெரும்பணம் மக்களின் குரலை விழுங்கிவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் வீண் என்று பிற்காலத் தேர்தல்களைக் கண்டவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆயினும், ஒரு சிறு பிரசுரத்தை வெளியிடுமுன் அதிகாரியின் முகத்தைப் பார்க்கச் செய்யும் சட்டத்தின் தீங்கும் அறத்தின் தராசில் குறைந்த எடையுள்ளதாக இருந்துவிடாது.

பாஸியின் மீது சாட்டப்படும் இரட்டை நாக்குக் குற்றத்தையும் இந்த இடத்தில் எடை போடலாம். 2004-இல் இயக்குநர் மைக்கேல் மூரின் ‘பாரன்ஹீட் 9/11’ படத்துக்கான விளம்பரங்கள் தேர்தல் பிரசாரமே என்று தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது இவருடைய ஸ்தாபனம்தான். வர்த்தக ரீதியான படம் என்று அந்தப் புகாரை ஆணையம் தள்ளிற்று. பதிலடியாக இவர்கள் எடுத்த ‘செல்சியஸ் 41.11’ படத்துக்கோ அதே சலுகையைத் தர மறுத்தது. பிறருக்கு மறுக்க முயன்ற சுதந்திரத்தைத் தமக்குக் கேட்டார் என்று நகைப்பது சுலபம். ஆனால் தொழில்முறைப் படக்காரருக்கு ஒரு நீதி, கொள்கைக்காகப் படம் பிடிப்பவருக்கு வேறு நீதி என்பது சகிக்கத்தக்கதா என்ற வினா, அதை எழுப்பியவரின் நெஞ்சு சுத்தமாக இல்லாவிட்டாலும், நியாயமான வினாவாகவே நிற்கும்.

இன்னொன்றும் அவர் பக்கம் சொல்ல வேண்டும். அவர் கூலிக்கு மாரடித்தவர் அல்லர். ரீகனைப் பற்றியும், போலந்துக்குச் சென்ற போப் இரண்டாம் ஜான் பாலைப் பற்றியும் பக்தி சிரத்தையோடு படங்கள் எடுத்த ஸ்தாபனம் அது. 2016-இல் டிரம்ப்பின் பிரசாரத்தில் துணை மேலாளராகப் போனபோதும் தாம் நம்பியதன் பின்னேதான் போனார். இந்த நம்பிக்கையே ஆபத்துக்கும் வாசல் திறக்கிறது. கூலிக்காரனுக்குத் தான் வெட்டுவது என்ன என்பது தெரியும். சத்தியம் தன் பக்கமே என்று மெய்யாக நம்புகிறவனுக்கோ, எதிராளிக்குச் சாதகமான வாக்கியம் முக்கியமற்றதாக, நேரத்தை வீணாக்குவதாக, வாசகரைக் குழப்புவதாகத் தோன்றிவிடுகிறது. கை நடுங்காமலே கத்தரி நகர்ந்துவிடுகிறது.

இதைச் சட்டத்தால் பிடிக்க இயலாது. 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், பணம் கொடுத்தவரின் பெயரை வெளியிடவேண்டும் என்ற விதியை நீதிபதிகள் எண்மர் ஏற்க, தாமஸ் ஒருவரே மறுத்தார். அவ்வளவு தூரம்தான் சட்டம் வரலாம். படத் தொகுப்பு அறைக்குள் நாற்காலி போட்டு அமர்ந்து, எந்த வாக்கியம் விடுபட்டது என்று கேட்கும் அதிகாரியை எந்த ஜனநாயகமும் விரும்பாது. ஹப்பல் விஷயத்தில் முழு நாடாவும் மாற்றாரின் கைக்கு எட்டியதால் உண்மை வெளிப்பட்டது. ஒரு படத்துக்காகப் பிடித்த பேட்டிகளில் பயன்படாமல் எஞ்சியவற்றையோ பார்வையாளர் கேட்பதும் இல்லை. கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பாஸிக்கும் இல்லை, மூருக்கும் இல்லை.