கணக்குக் காட்டாதவரும் மகாபாதகரும்

எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்னும் வினாவுக்கு, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட சபைத் தீர்மானங்களில் ஆழ்ந்ததொரு விடை உண்டு, குடத்திலிட்ட பெயர் ஓலைகளை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைப் போற்றுவோர் அதை அதிகம் கவனிப்பதில்லை. ஊர்க் காரியங்களை ஓராண்டு நடத்தும் குழுவாகிய வாரியத்துக்கு யார் பெயரை ஓலையில் எழுதலாகாது என்று சொல்ல வரும் 14ஆம் ஆண்டுத் தீர்மானம், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரை முதலில் விலக்கிவிட்டு, அதன் பின்னரே மகாபாதகரிடம் வருகிறது. மகாபாதகம் என்பது பிரம்மஹத்தி (பிராமணனைக் கொல்லுதல்), கள்ளுண்ணல், பொன் களவு, குருபத்தினியைக் கூடுதல், இவற்றைச் செய்தாரோடு உறவாடல் என அறநூல்கள் வகுத்த ஐம்பெரும் பாவம். அவற்றுள் முதல் நான்கில் எதைச் செய்தவரும் விலக்கப்பட்டனர்.

முன்னால் வைத்ததாலேயே ஒன்று கொடியது என்று கொள்ள முடியாது. ஆயினும் பிறர் பொருளைக் கவர்ந்தவனைச் சொல்லுமிடத்தில் அவனோடு நின்றுவிடும் தடை, கணக்குக் காட்டாதவரிடத்திலும் மகாபாதகரிடத்திலும் சிற்றன்னை, பேரன்னை, அத்தை, மாமன் மக்கள்வரை நீள்கிறது. ஒருவன் செய்ததற்கு அவன் சுற்றத்தையும் விலக்குவது அறமாகாது. என்றாலும் இவ்விரு குற்றங்களையும் சபை ஒரே தட்டில் நிறுத்தியதன் காரணம் ஏரியைப் பார்த்தால் விளங்கும். அவ்வூர் ஏரியாகிய வைரமேகத் தடாகத்தைத் தூர்வார வைத்த பொன்னை ஏரி வாரியத்தார் ஒருவர் விழுங்கினால் கரை பலவீனப்படும், மதகு அடைபடும், கடைமடை வயல் காயும். ஒரு வீட்டில் புகுந்த திருடனால் இத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைக்க இயலாது.

இதனினும் நுட்பமானது பிராயச்சித்தம், அதாவது பாவம் போக்கும் கழுவாய், பற்றிய விதியாகும். கழுவாய் செய்து தூய்மையடைந்தோரையும் அவர்கள் உயிருள்ளவரை வாரியத்தில் சேர்க்கலாகாது என்கிறது தீர்மானம். மன்னிப்பு ஆன்மாவுக்கு உரியது, பொறுப்பு ஊருக்கு உரியது. மனம் திருந்தியவனுக்கு இறைவன் சந்நிதி திறந்தே இருக்கும்போதும், ஊர்ப் பொன்னின் சாவியை அவனிடம் கொடுக்க ஊர் கடமைப்படவில்லை. பக்தியையே பதவிக்குச் சான்றாகக் காட்டுவோர் மிகுந்த இக்காலத்தில் இவ்வேறுபாடு உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

பொறுப்புடையோர் குற்றத்தைக் கனமாகக் கொள்ளும் இந்த நியாயம் அறநூலிலும் உண்டு. மனுஸ்மிருதி, களவு செய்த சூத்திரனுக்கு எட்டு மடங்கு என்றால் பிராமணனுக்கு 64 மடங்கு குற்றம் என்று, அறிந்தவன் பிழைக்கு எடை கூட்டுகிறது. அதே நூல் பிராமணனுக்கு மட்டும் மரண தண்டனையை நீக்குவது அந்த நியாயத்தையே கெடுப்பதால், அப்பகுதி தள்ளத்தக்கதே. இன்றைய சட்டத்திலும் அந்த நியாயம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், சாதாரணத் திருட்டுக்கு முதல்முறை மூன்றாண்டு வரை சிறை. அரசு ஊழியர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கையாடினால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். உத்திரமேரூர்ச் சபை கண்ட நியாயம் இங்கு சாதியின் கறையின்றி நிற்கிறது.

கருத்தின்றி நேர்ந்த கொலைக்கோ சோழர் காலம் வேறு அளவுகோல் வைத்திருந்தது. வேட்டையில் குறி தவறிய அம்பால் ஒருவர் இறந்தபோது, எய்தவரைக் கொல்லாமல், இறந்தவர் பொருட்டுக் கோயிலில் நுந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு, வைக்கச் செய்த தீர்ப்புகள் கல்வெட்டுகளில் உள்ளன. அத்தகைய ஒரு விளக்கின் நெய்க்கென்று பொதுவாக 96 ஆடுகள் விடப்பட்டன.